பூங்காவனம் கறந்த தண்ணீர்

மலாக்காவின் காஜா பெராங்கில் பூங்காவனத்தின் விரல்களுக்குத் தனி மரியாதை இருந்தது. ஒரு கல்தூணைக் கொண்டுவந்து கட்டி, கையில் வாளியைக் கொடுத்துவிட்டால் அதிலிருந்தும் கால்வாளி கறந்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்று சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற ஊர்தான். ஆனாலும் அவள் கறந்து முடித்த மடியை இன்னொருத்தர் பிழிந்து ஒரு சொட்டு எடுத்ததாகச் சரித்திரம் இல்லை.

"மடியில பால விட்டா மடி கட்டிக்கும். பாதியில எழுந்தா மாடு பால மேல ஏத்திக்கும். அப்புறம் நீ தலகீழா நின்னாலும் எறங்காது," என்பாள். தோட்டத்துத் துரை வீட்டு மாட்டுக்கொட்டாயில் அப்பனோடு சேர்ந்து சாணி அள்ளிய வயதிலேயே அவள் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அதுதான். பள்ளிக்கூடப் பக்கம் அவள் மாடு தேடிப் போனதோடு சரி.

அவள் புருஷன் மருதமுத்து வேறு ரகம். அவருக்குக் கறக்கத் தெரியாது. மாட்டைக் கண்டால் மாடும் அவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். அவர் வேலை விற்பது. காலையில் சைக்கிளில் பால்கேனைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். காஜா பெராங்கில் புறப்பட்ட பால் தெங்கேராவைத் தொடும்போது, கடல் காற்று பட்டோ என்னவோ, ஒரு சுற்றுப் பெருத்திருக்கும். பண்டார் ஹிலிர் போய்ச் சேரும்போது இன்னொரு சுற்று. பத்து பெரெண்டாம் வரைக்கும் கொண்டுபோயிருந்தால் அங்கே ஒரு குளமே வெட்டியிருக்கலாம்.

"என்னா மருதமுத்தண்ணே, பால்ல மீனு நீந்துதே," என்று யாராவது கேட்டால், "அதுக்குத் தனியா காசு வேணாம், வச்சுக்க," என்று சொல்லிவிட்டு மணியடித்துக்கொண்டு போய்விடுவார்.

இப்படி அவள் கறக்க, அவர் கலக்க, மூன்று மாட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடந்தது. பிள்ளை இல்லை. மாடுதான் பிள்ளை.

சண்டையில் வெள்ளைக்காரனை விரட்டிவிட்டு ஜப்பான்காரன் வந்தான். முதல் காரியமாக இரண்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். ஓட்டிக்கொண்டு போனது பாலுக்கு இல்லை என்று அன்று சாயங்காலமே முகாம் பக்கமிருந்து வந்த வாசனை சொல்லிவிட்டது. மிச்சம் இருந்தவள் சிவப்பி. அவள் பால் முழுக்க ஓர் அதிகாரி வீட்டுக்குப் போகவேண்டும் என்று உத்தரவு. மருதமுத்து அதையும் சைக்கிளில்தான் கொண்டுபோனார். பழக்கதோஷம் விடுமா. போகிற வழியில் அந்தப் பாலும் ஒரு சுற்றுப் பெருத்தது. அதிகாரி வீட்டில் விழுந்த அறையில் மருதமுத்துவின் வெற்றிலைக்கறை ஏறிய பல் ஒன்று, தெங்கேரா வரைக்கும் பறந்து போனதாக மருதமுத்துவே சொல்லிக்கொண்டார்.

அன்றிலிருந்து பால் போகவில்லை, பாலைத் தேடிச் சிப்பாய் வந்தான். கையில் கேனோடு வருவான். கொட்டாயில் நின்று, தன் கண் முன்னாலேயே கறக்கச் சொல்லுவான். கறந்து முடியும்வரை இமைக்கக்கூட மாட்டான். எப்போது வருவான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. காலையிலும் வருவான், உச்சிவெயிலிலும் வருவான்.

இரண்டாம் வருஷம் ஊரே எலும்பும் தோலுமாகிவிட்டது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று ஆட்கள் மரவள்ளிக் குச்சி மாதிரியே ஆகிவிட்டார்கள். காற்றடித்தால் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டிய நிலைமை. இந்தக் காலத்தில் மருதமுத்து மட்டும் பூரிக்க ஆரம்பித்தார். முதலில் கன்னம் உப்பியது. பிறகு கால் பருத்தது. பிறகு தொப்பை விழுந்தது.

பூங்காவனத்துக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. தன் கையால் போட்ட கிழங்குக் கஞ்சியிலேயே புருஷன் இப்படித் தேறிவிட்டார் என்று நினைத்தாள். ஊர் வேறு மாதிரி நினைத்தது. இந்த வீட்டில் எங்கேயோ அரிசி மூட்டை புதைந்திருக்கிறது என்று நினைத்தது. சும்மா நெருப்புக் கேட்டு வருகிறவர்கள்கூட அடுப்பங்கரையில் மூக்கை நீட்டி மோந்துவிட்டுப் போனார்கள்.

பக்கத்து வீட்டு மீனாச்சியம்மாதான் முதலில் சந்தேகப்பட்டாள். அவள் மலாக்கா செட்டி சாதி. சாமி கும்பிடுவது மாரியம்மனை, உடுத்துவது மலாய்க்காரிகள் போடும் கெபாயா, பேசுவது மலாய். தமிழில் அவளுக்குத் தெரிந்தது சாமி பெயரும் சாப்பாட்டுப் பெயரும்தான். பூங்காவனமும் அவளிடம் மலாயில்தான் பேசுவாள். நாம் தமிழிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

"உன் புருஷனுக்கு இது சதை இல்ல, பூங்கா," என்றாள் மீனாச்சி. "சதைன்னா ஆளு நடக்கும்போது கூட ஆடும். இவருக்கு ஆளு நின்னப்புறம் ஆடுது."

"கண்ணு வைக்காதீங்க அக்கா."

"கண்ணு வைக்கல. விரல வச்சுப் பாரு."

பூங்காவனம் வீட்டுக்குள் போய், படுத்திருந்த புருஷனின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்தாள். எடுத்த இடத்தில் பள்ளம் அப்படியே நின்றது. பிசைந்த மாவில் விரல் வைத்த மாதிரி. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளம் நிரம்பவேயில்லை. இத்தனை நாள் பெருமைப்பட்ட உடம்பு சதையே இல்லை.

டிரஸ்ஸர் நல்லையாவைக் கூட்டிவந்தாள். யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர்களோடு மருந்து கட்டும் வேலை பார்த்தவர். டாக்டர்கள் கைதியாகப் போனபிறகு ஊரில் பாதிப்பேருக்கு இவர்தான் டாக்டர். சிரிக்கத் தெரியாத மனுஷர். அவர் சிரித்தால் மழை வரும் என்பார்கள். மருதமுத்துவின் மூத்திரத்தை ஒரு கரண்டியில் வாங்கி விளக்கு நெருப்பில் காட்டினார். கொதித்ததும் அது வெள்ளையாகத் திரண்டு நின்றது.

பால் வியாபாரக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய அதிர்ச்சி இருக்கமுடியாது.

"ஐயா, திரிஞ்சு போச்சே," என்றாள் பூங்காவனம், வாயைப் பொத்திக்கொண்டு.

"ஓம் பிள்ளை. ரத்தத்திலை நிக்க வேண்டிய சத்து மூத்திரத்திலை போகுது. குண்டிக்காய் பழுதாப் போச்சு." இடுப்புக்குப் பின்னால், சிறுநீரகம் இருக்கிற இரண்டு பக்கமும் தொட்டுக் காட்டினார். "இந்த ரெண்டும்தான் தண்ணியை வடிச்சு வெளியிலை விடுறது. அது செய்யாட்டி தண்ணி உடம்புக்குள்ளை ஊறும். முதல் காலிலை, பிறகு வயித்திலை. நெஞ்சுக்கு ஏறினால்தான் ஆபத்து. அதை மட்டும் நினைவிலை வச்சிரும்."

உப்பு கூடாது என்றார். தண்ணீரும் நாக்கு நனையத்தான் என்றார். கருவாடு இல்லை, உப்பில் ஊறிய பொடி இறால் சிஞ்சாலோக் இல்லை, இறால் விழுது பெலாச்சான் இல்லை. மலாக்காவில் இருந்துகொண்டு இந்த மூன்றும் இல்லாமல் ஒருத்தன் சாப்பிடுவதற்கு, வாயைத் தைத்துக்கொண்டு உட்காரலாம்.

விஷயம் வேலியைத் தாண்டியதும் மீனாச்சி சொன்னாள்: "ஊர் பாலுல எல்லாம் தண்ணி ஊத்தினாரு. இப்ப அவரு ரத்தத்துல எவனோ ஊத்திட்டான்."

மருதமுத்து இதைக் கேட்டுச் சிரித்தார். சிரித்ததும் மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கியதைப் பார்த்து மீனாச்சியின் சிரிப்பு நின்றது.

வயிறு நாளுக்கு நாள் ஏறியது. வேட்டி எட்டவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது, அதனால் நாற்காலியிலேயே தூங்கினார். தூங்கும்போது நெஞ்சு விசில் அடித்தது. பூங்காவனத்துக்கு அந்த விசில் சத்தம்தான் உலகமே. சத்தம் ஒரு படி ஏறினால் தண்ணீர் நெஞ்சுக்கு ஒரு படி ஏறிவிட்டது என்று கணக்குப் போடுவாள். காலில்லாத பேய் ஒன்று தன் புருஷனுக்குள்ளே மாடிப்படி ஏறுகிற மாதிரி இருந்தது அவளுக்கு.

"வயித்துத் தண்ணியைக் குத்தித்தான் எடுக்கோணும்," என்றார் நல்லையா ஒருநாள்.

ஆஸ்பத்திரியில் படுக்கை எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. ஊர்க்காரனுக்கு வராந்தாகூட இல்லை. ஆகையால் வீட்டிலேயே செய்வதாகச் சொன்னார். அதற்கு வேண்டிய குழாய் ஊசி ஆஸ்பத்திரிச் சொத்து. அதைச் சட்டைக்குள் வைத்து வெளியே கொண்டுவந்தது தெரிந்தால் நல்லையாவின் தலை தோளில் இருக்காது. அவர் கொண்டுவந்தார்.

அன்று காலை வெயில் ஏறிய நேரம். மருதமுத்துவை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்தார். பூங்காவனத்தின் பழைய சேலை ஒன்றை அகலமாக மடித்து, வயிற்றைச் சுற்றிப் போட்டு, முதுகுப் பக்கம் குறுக்காக்கி, இரண்டு முனையையும் அவள் கையில் கொடுத்தார்.

"தண்ணி இறங்க இறங்க நீர் இதை இறுக்கிக்கொண்டே வரோணும். விளங்குதோ?"

"எதுக்குங்க ஐயா?"

"வயிறு பெரிய பானை மாதிரி. அதிலை நிக்கிற தண்ணிதான் இப்ப உள்ளுக்கிருக்கிற ரத்தக் குழாயளை அமத்திப் பிடிச்சுக்கொண்டிருக்குது. ஒரேயடியாத் தண்ணியை விட்டால் அமத்தல் போயிரும். உடம்பு ரத்தமெல்லாம் வயித்துக்கு ஓடி வந்திரும். தலைக்கும் நெஞ்சுக்கும் ரத்தம் பத்தாது. ஆளும் இராது. அதாலை கொஞ்சம் விட்டு, பூட்டி, நாடியைப் பாத்து, பிறகு கொஞ்சம் விட்டு..."

பூங்காவனம் தலையை ஆட்டினாள். முழுக்கப் புரிந்தது என்று இல்லை. சேலையை இழுக்கவேண்டும் என்பது புரிந்தது. இழுக்கிற வேலை என்றால் அவள் விரல்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

நல்லையா தொப்புளுக்குக் கீழே குத்தினார். மருதமுத்து "அம்மாடி" என்று ஒரே ஒரு சொல் சொன்னார். ரப்பர் குழாய் வழியாக இளமஞ்சளாகத் தண்ணீர் மண்ணெண்ணெய் டின்னுக்குள் சுர்ரென்று விழுந்தது. கறக்கிற சத்தமேதான். பூங்காவனம் பிரமை பிடித்தவளாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். மனுஷனுக்குள்ளே இத்தனை தண்ணீரா. ஊரில் கிணறு வற்றிக்கிடக்கிற காலத்தில் இவ்வளவையும் இவர் எங்கே வைத்திருந்தார்.

"இழும் பிள்ளை, வாயைப் பாக்காதையும்," என்றார் நல்லையா. அவர் கண் டின்னில் இல்லை. ஒரு கை மருதமுத்துவின் மணிக்கட்டில், கண் அவர் உதட்டில். கொஞ்ச நேரம் விடுவார், கிளிப்பைப் போட்டுக் குழாயை நெரிப்பார், மூக்கு நுனியைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பார், மறுபடி விடுவார்.

மருதமுத்துவுக்கு நெஞ்சு விசில் குறைந்தது. பல நாளைக்குப் பிறகு முழு மூச்சு இழுத்தார்.

"அடியே பூங்கா, நல்லாத்தான் கறக்குறாரு டிரஸ்ஸரு. நம்ம கொட்டாயில ஒரு வேலை போட்டுக் குடுத்துடு."

அப்போதுதான் வேலிப்பக்கமிருந்து மீனாச்சியின் குரல் தேவைக்கு மேல் உரக்கக் கேட்டது. "தாபே, துவான்."

மீனாச்சி யாருக்கு வணக்கம் சொல்கிறாள் என்று கேட்கவேண்டியதில்லை. சிப்பாய் வந்துவிட்டான்.

நல்லையாவின் முகத்தில் இருந்த ரத்தம் எங்கே போனதோ தெரியவில்லை. கிளிப்பைப் போட்டுக் குழாயை நெரித்தார். சேலை முனைகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டார். "நான் திரும்பி வருமட்டும் ஒருத்தரும் தொடக்கூடாது," என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமாக ஓடினார். பின்பக்கம் என்றால் மாட்டுக்கொட்டாய்தான். அங்கே ஆள் மறைய ஒரே இடம் சிவப்பிக்கு அறுத்துப் போட்ட புல்குவியல். அந்த நெட்டை மனுஷர் அதற்குள் எப்படி நுழைந்தாரோ.

"சூசூ," என்று வாசலில் சிப்பாய் கத்தினான். "லெக்காஸ்."

சீக்கிரம் பால் கறக்க வா என்று அர்த்தம். பூங்காவனம் வாளியை எடுத்தாள். எடுத்தவள் நின்றாள்.

நாற்காலியில் புருஷன் இருக்கிறார். வயிறு பாதி இறங்கியிருக்கிறது, பாதி நிற்கிறது. பாதிக் கறவையில் எழுந்து போவது அவள் பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். பாதியில் விட்டால் மேலே ஏற்றிக்கொள்ளும். மாட்டுக்கு என்றால் பால். இவருக்கு என்றால் தண்ணீர். மேலே என்றால் எங்கே. நெஞ்சுக்கு. நெஞ்சுக்கு ஏறினால்தான் ஆபத்து என்று சொன்னது யார். நல்லையாதான். அந்த மனுஷர் பயத்தில் இதை மறந்துவிட்டு ஓடிவிட்டார், பாவம்.

"என்னா யோசன, போ," என்றார் மருதமுத்து. "அவன் அடிக்கப் போறான்."

"இருங்க," என்றாள் பூங்காவனம். குனிந்து கிளிப்பை எடுத்தாள். தண்ணீர் மறுபடி சுர்ரென்று விழுந்தது. அவளுக்கு மனசு நிம்மதியாயிற்று. சேலை இறுக்கமாக இருந்தால் அவருக்கு மூச்சு முட்டுமே என்று முடிச்சையும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள். பிறகு வாளியோடு கொட்டாய்க்குப் போனாள்.

சிப்பாய் வழக்கம்போல இமைக்காமல் நின்றான். பூங்காவனம் சிவப்பியின் பக்கத்தில் குந்தினாள். முதுகுக்குப் பின்னால் ஒரு கை எட்டும் தூரத்தில் புல்குவியல். கறக்கும்போது மாட்டோடு பேசுவது அவள் பழக்கம். சிப்பாய்க்கும் அது பழகிப்போயிருந்தது. ஆகையால் மாட்டைத் தடவிக்கொண்டே, டிரஸ்ஸருக்குச் சேதி சொன்னாள்.

"கவலப்படாத ராசாத்தி. எல்லாம் சரியாத்தான் இருக்கு. அந்த கிளிப்ப நான் எடுத்துவிட்டுட்டுத்தான் வந்தேன். அது பாட்டுக்கு எறங்கிக்கிட்டிருக்கு."

புல்குவியல் ஒருமுறை நடுங்கியது.

"என்ன செய்தனீர்?" என்றது புல்குவியல், மிக மெல்ல.

பூங்காவனத்தின் விரல் காம்பிலேயே உறைந்தது. சிப்பாய் தலையைத் திருப்பினான். சிவப்பியும் திருப்பினாள். பூங்காவனம் சட்டென்று இருமினாள். இருமிவிட்டு மாட்டின் முதுகில் தட்டினாள்.

"மேல ஏறிடக் கூடாதுல்ல, ராசாத்தி. அதான் எறங்கட்டும்னு எடுத்துட்டேன். சேலையையும் தளத்திட்டேன்."

"ஐயோ பிள்ளை," என்றது புல். அதற்குமேல் மெல்லப் பேசவேண்டும் என்பதையே அது மறந்துவிட்டது. "அந்தாள் செத்துப்போகும். ஓடும்."

மாடு பேசியிருந்தால்கூடப் பூங்காவனத்துக்கு அவ்வளவு தூக்கிப்போட்டிருக்காது. வாளியை உதறிவிட்டு எழுந்தாள். பால் மண்ணில் ஓடியது. சிப்பாய் ஏதோ கத்தினான். அவன் கத்தியது அவள் காதில் விழவில்லை. வீட்டுக்குள் பாய்ந்தாள்.

மருதமுத்து நாற்காலியிலிருந்து பாதி சரிந்திருந்தார். டின் நிரம்பி, தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது. வயிறு ஒட்டிப்போய், சேலை சும்மா தொங்கியது. முகத்தில் நிறமே இல்லை. கறுப்பு மனுஷர், சாம்பல் பூசிய மாதிரி இருந்தார். நெற்றியில் வேர்வை. அவள் கையைத் தொட்டாள். செத்த மீனைத் தொட்ட மாதிரி இருந்தது. கண் திறந்துதான் இருந்தது, அதற்குள்ளே யாரும் இல்லை. அத்தனை நாளும் அவளைத் தூங்கவிடாமல் செய்த நெஞ்சு விசில் நின்றுபோயிருந்தது.

குழாயை நெரிக்கவேண்டும் என்று தெரிந்தது. கிளிப்பைக் கையில் எடுத்தாள். கல்தூணில் பால் கறக்கும் என்று ஊர் சொன்ன விரல்கள் அந்தச் சின்னக் கிளிப்பைப் பிடிக்கமாட்டேன் என்றன. அது நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் குழாயைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பின்வாசல் வழியாக நல்லையா வந்தார். தலையில் புல், சட்டையில் புல், காதில்கூடப் புல். அவருக்குப் பின்னாலேயே துப்பாக்கியோடு சிப்பாய். உள்ளே வந்த சிப்பாய் அப்படியே நின்றுவிட்டான். வயிற்றில் குழாய் சொருகிய ஒருத்தன், குழாயைக் கடித்துக்கொண்டு ஒருத்தி, தரையெல்லாம் தண்ணீர். எந்தச் சண்டையிலும் அவன் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கமாட்டான்.

நல்லையா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மருதமுத்துவைத் தரையில் கிடத்தினார். ஊசியை உருவினார், சேலையைச் சுற்றித் தன் முழங்காலை ஊன்றி இழுத்து இறுக்கினார். நாடியைத் தேடினார். மணிக்கட்டில் தேடினார், கழுத்தில் தேடினார். காலைத் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். பூங்காவனம் இன்னும் குழாயைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள், ஊசி வெளியே வந்ததுகூடத் தெரியாமல். நல்லையா நிமிர்ந்தார். நின்றுகொண்டிருந்தது ஒரே ஆள்தான்.

"அஷி," என்று அவனைப் பார்த்து அதட்டினார். "உயே."

கால், மேலே. ஆஸ்பத்திரியில் ஜப்பான் டாக்டர்கள் அவரை விரட்டிய சொற்கள். அவர்கள் விரட்டிய அதே தொனியில் சொல்லிவிட்டார். பட்டாளத்துக்காரனுக்கு அதட்டினால் செய்யத்தான் தெரியும், யார் அதட்டியது என்று பார்க்கத் தெரியாது. துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான். முட்டி போட்டு உட்கார்ந்து, மருதமுத்துவின் இரண்டு காலையும் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டான்.

இதை வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மீனாச்சி, தலையில் கை வைத்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கொட்டாயில் சிவப்பி ஒருமுறை கத்தினாள். நல்லையாவின் விரல் கழுத்திலேயே இருந்தது. பூங்காவனம் அந்த விரலையே பார்த்தாள். அந்த விரலுக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர அவளுக்கு வேறு கேள்வி இல்லை. முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. தன் கையால் செய்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் தன் கையால் செய்தது.

"இருக்கு," என்றார் நல்லையா கடைசியில். "நூல் மாதிரி. ஆனால் இருக்கு."

கோணிப்பை எல்லாம் கொண்டுவந்து மூடச் சொன்னார். மெல்ல மெல்ல உதட்டில் நிறம் வந்தது. கண்ணுக்குள்ளே ஆள் திரும்பி வந்தார். கஞ்சித்தண்ணீரில் உப்புப் போட்டுக் கேட்டார் நல்லையா. அந்த வீட்டில் ஏது உப்பு. மீனாச்சி வேலி வழியாக ஒரு சிரட்டையில் நீட்டினாள். உப்பு கூடாது என்று சொன்ன அதே கை, உப்புப் போட்ட கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டியது.

"ரத்தத்துக்குள்ளை இருக்கிற தண்ணியும் குறைஞ்சு போச்சு. அதை நிரப்போணும். இண்டைக்கு மட்டும்," என்றார் அவர், யாரும் கேட்காமலே.

மருதமுத்து சப்புக்கொட்டினார். பிறகு தன் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். அது ஒரு ஜப்பான் சிப்பாயின் தோளில் இருந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் செத்துட்டனாடி?" என்று மெல்லக் கேட்டார்.

அந்த நேரத்தில்தான் சிப்பாய்க்கும் தன் தோளில் இருப்பது என்ன என்று உறைத்தது. காலை மெதுவாக இறக்கி, பக்கத்திலிருந்த பால்கேன் மேல் வைத்தான். எழுந்தான். துப்பாக்கியை எடுத்தான். நல்லையாவின் முன்னால் வந்து நின்று, ஓங்கி ஓர் அறை விட்டான். நல்லையா தலைகுனிந்து நின்றார். அவர் தலையிலிருந்து இரண்டு புல் விழுந்தது.

அடுத்தது தனக்கு என்று பூங்காவனம் கன்னத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். வாங்கவேண்டும் போலவே இருந்தது அவளுக்கு. அவன் அடிக்கவில்லை. மருதமுத்துவை ஒரு தரம் பார்த்தான். தான் கொண்டுவந்த கேனை அவளிடம் நீட்டினான்.

"சூசூ," என்றான்.

சிவப்பி பாலை மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். பூங்காவனம் எவ்வளவு பிடித்தும் கேனின் அடி நனையவில்லை. அவன் கேனுக்குள் எட்டிப்பார்த்தான். அப்படியே எடுத்துக்கொண்டு போனான்.

அவன் போய்ச் சொல்லிவிடுவான், நாளைக்குப் பிடித்துக்கொண்டு போக லாரி வரும் என்று நல்லையா காத்திருந்தார். லாரி வரவில்லை. மீனாச்சிதான் காரணம் கண்டுபிடித்தாள். "ஊர்ப் பால்காரன் கால என் தோள்ல வச்சிருந்தேன்னு எந்தச் சிப்பாய் போயி அதிகாரிகிட்ட சொல்லுவான்? சொன்னா அவன் தலைதான் முதல்ல போகும்."

அன்று சாயங்காலம் நல்லையா மறுபடி வந்தார். மருதமுத்து தூங்கிக்கொண்டிருந்தார். படுத்தே தூங்கினார். பூங்காவனம் அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். கையை மடியில் ஒளித்து வைத்திருந்தாள், ஏதோ திருடிய கை மாதிரி.

"கிளிப்பை ஏன் எடுத்தனீர்?" என்றார் நல்லையா.

"பாதியில விட்டா மேல ஏறிக்கும்னு..." அவள் கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டாள். "நீங்கதானே ஐயா சொன்னீங்க, நெஞ்சுக்கு ஏறினா ஆபத்துன்னு."

நல்லையா மருதமுத்துவின் நாடியைத் தொட்டுப் பார்த்தார். "ஓம்," என்றார். "சொன்னனான்தான்." பிறகு சொன்னார்: "வயிறு மடி இல்லைப் பிள்ளை. மாட்டிலை விட்டால் கெட்டுப்போகும். மனிசனிலை விடத்தான் வேணும். இந்தாளுக்கு இனி எப்பவும் கொஞ்சம் வீக்கம் இருக்கத்தான் செய்யும். அந்த வீக்கத்தோடைதான் ஆள் உயிரோடை இருக்கும்."

"முழுக்க வத்தாதுங்களா?"

"முழுக்க வத்தினதை நீர் இண்டைக்குப் பாத்தனீர்தானே."

அவள் பார்த்திருந்தாள். கண்ணை மூடினால் அதுதான் தெரிந்தது. ஒட்டிய வயிறு, சாம்பல் முகம், ஆள் இல்லாத கண். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவ்வளவு ஒல்லியாகத் தன் புருஷனை அவள் பார்த்ததில்லை.

தண்ணீர் மறுபடி ஊறியது. கால் பருத்தது, தொப்பை வந்தது, விசில் வந்தது. விசில் சத்தம் கேட்டதும் பூங்காவனம் இந்தத் தடவை பயப்படவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்டாள். ஆள் இருக்கிறார்.

நல்லையா குழாய் ஊசியோடு வந்தார். இந்தத் தடவை வேலிக்குப் பக்கத்தில் அல்ல, தெருமுனையிலேயே மீனாச்சி காவல் நின்றாள். சேலையை யார் பிடிப்பது என்று கேள்வி வந்தது. பூங்காவனம் மூலையில் போய் நின்றுகொண்டு, வரமாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அவதான் பிடிக்கணும்," என்றார் மருதமுத்து. "வேற ஆளு பிடிச்சா எனக்குக் கூச்சமா இருக்கும்."

"வேணாங்க. என் கை விளங்காத கை."

"அந்தக் கைதான்டி இத்தன வருசம் சோறு போட்டுச்சு. ஒருநாளு கொஞ்சம் அதிகமாக் கறந்துடுச்சு. அவ்வளவுதானே. நான் வித்த பால்ல ஊத்தாத தண்ணியா? வா, வந்து பிடி."

வந்து பிடித்தாள். சேலை முனைகளைக் கையில் சுற்றிக்கொண்டாள். கண்ணை டின் பக்கமே திருப்பவில்லை. புருஷனின் உதட்டையே பார்த்தாள். நல்லையா பஞ்சை நனைத்து வயிற்றைத் துடைத்தார்.

"போதுங்க ஐயா," என்றாள் பூங்காவனம். "நிறுத்திடுங்க."

நல்லையா அவளை ஏறெடுத்துப் பார்த்தார்.

"நான் இன்னும் ஊசியே குத்தேல்லைப் பிள்ளை," என்றார். சிரிக்கத் தெரியாத அவர் வாயோரம் லேசாக விரிந்தது.